நம்ம கழனிக் கணக்கு யார் போன்ல இருக்கு?

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல் மழை. ஏரி கலங்கல் போயி, கழனியில முழங்காலுக்கு மேல தண்ணி. சம்பா கதிர் வெளிவர்ற நேரம். மோட்டார் கொட்டாய்ல ஸ்டார்ட்டரைக் கழட்டி மேல வைக்கலாம்னு ஓடினேன். குனிஞ்சப்போ சட்டைப் பையில இருந்த போன் வாய்க்கால்ல விழுந்துடுச்சு. அடிச்சிக்கிட்டுப் போற தண்ணியில எங்கே தேடறது?

போன் போனதுல வருத்தம் இல்லை. அதுக்குள்ள நாலு வருஷக் கணக்கு இருந்தது. மதகு திறந்த நாள், நாத்து விட்ட நாள், நட்ட நாள், எந்த ரகம், எத்தனை மூட்டை, எல்லாத்துக்கும் படம். 'பேக்கப் ஆன்லதான் இருக்கு'ன்னு தைரியமா இருந்தேன். சென்னையில இருக்கற பையன் கம்ப்யூட்டர்ல பார்த்துட்டுச் சொன்னான்: "நைனா, வைஃபை இருந்தா மட்டும் ஏத்துன்னு செட்டிங் இருக்கு. நம்ம வீட்ல வைஃபை ஏது? தீபாவளிக்கு நீ இங்க வந்தப்போ ஏறினதுதான் கடைசி."

அதாவது, எனக்கு அப்போ எது தேவையோ அது மட்டும் இல்லை. பயிர்ச்சேத நிவாரணத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 33 சதவீதமும் அதுக்கு மேலயும் சேதம் ஆகியிருக்கணும். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய்னு அரசு அறிவிச்சிருந்தது. கணக்கெடுக்க வந்தவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான். "தண்ணி வந்து எல்லாம் அழுகிடுச்சு, சரி. அதுக்கு முன்னாடி பயிர் எப்படி இருந்துச்சுன்னு காட்டுங்க."

காப்பாத்தினது பக்கத்துக் கழனி அண்ணன். அவர் நிலம் அவருது இல்லை, வாரத்துக்குச் செய்யறவர். அவர் பொண்ணு சுங்குவார்சத்திரம் பக்கம் கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகுது. மழைக்குப் பத்து நாள் முன்னாடி அந்தப் பொண்ணு வரப்புல நின்னு ஒரு படம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்தது. அதுல பின்னாடி தெரியறது என் கழனி. அந்தப் படத்தைக் காட்டித்தான் என் பேரு எழுதினாங்க. ஆனா அந்த அண்ணன் கழனிக்கான பணம், பட்டா யார் பேர்ல இருக்கோ அவருக்குப் போச்சு. சாட்சி சொன்ன படம் அவங்களது, பணம் கிடைச்சது எனக்கும் பட்டாதாரருக்கும். இன்னைக்கும் அவர் வீட்டு வாசல் தாண்டிப் போனா எனக்குக் கொஞ்சம் தலை குனிஞ்சுதான் போகும்.

அன்னைக்கு ரெண்டு விஷயம் புரிஞ்சது. ஒண்ணு, ஒரே இடத்துல இருக்கற கணக்கு இல்லாத கணக்குக்குச் சமம். ரெண்டு, நாலு பேர் கையில இருக்கற கணக்குதான் பிழைக்கும். ஆனா அதுல யார் பேரு இருக்குங்கறதுதான் சோறு போடும்.

இதை ஏன் இப்போ எழுதறேன்னா, நம்ம கழனி எல்லாம் இப்போ செயலிக்குள்ள போயிட்டிருக்கு. 2024 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அமைச்சரவை 2,817 கோடி ரூபாய்க்கு டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அதுல 'அக்ரிஸ்டாக்'னு ஒரு பகுதி. விவசாயிகள் பதிவேடு, இடக்குறியீடு செய்த கிராம வரைபடம், விதைச்ச பயிர்ப் பதிவேடு, இந்த மூணும்தான் அதுக்கு அஸ்திவாரம். அதே வருஷம் நவம்பர்ல தமிழ்நாட்டுல வேளாண் கல்லூரி மாணவர்களை வச்சு டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தது. எங்க ஊருக்கும் ஒரு பொண்ணு வந்தது. சேத்துல இறங்கி, கழனிக்கு உள்ளே நின்னு, சர்வே நம்பர் பார்த்து, படம் எடுத்துப் பதிஞ்சது. "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது"ன்னு சொன்னது. முடிச்சதும், "அந்த ஸ்கிரீனை ஒரு தடவை காட்டும்மா"ன்னு கேட்டு, என் போன்ல அதைப் படம் எடுத்து வச்சுக்கிட்டேன். ஒரு தடவை சூடுபட்ட பூனை.

என் கருத்து இதுதான்: நான் அப்படி ஸ்கிரீனைப் படம் எடுக்க வேண்டிய அவசியமே வரக்கூடாது. கழனியில பதிவு பண்ணின அந்த நிமிஷமே ஒரு நகல் பயிர் வைக்கிறவர் கைக்கு, கேட்காமலே, தானா வரணும். பால் சொசைட்டியில ஒரு லிட்டர் ஊத்தினா சீட்டு தர்றாங்க. எடை மேடையில வண்டி ஏறி இறங்கினா சீட்டு தர்றாங்க. ஒரு போகத்துக் கணக்குக்கு ஒரு சீட்டு கேட்கறது பேராசையா?

சிக்னல் இல்லாத இடத்துல வேலை செய்யற செயலி எதுவா இருந்தாலும் முதல்ல போன்லயேதான் சேமிக்கும், சிக்னல் கிடைச்சதும் மேலே ஏத்தும். அந்த இடைவெளியில இருக்கறது ஒரே ஒரு பிரதி. போன் விழலாம், பேட்டரி போகலாம், மழை வரலாம். உலகத்துக்கே செல்போன் செஞ்சு அனுப்பற ஸ்ரீபெரும்புதூர்ல உட்கார்ந்து நான் இதைச் சொல்றது வேடிக்கைதான். ஆனா வாய்க்கால் தண்ணிக்குப் போன் எந்த ஊர்ல செஞ்சதுன்னு தெரியாதே.

இது புதுக் கோரிக்கையும் இல்லை. எங்க மாவட்டத்து உத்திரமேரூர் கல்வெட்டு, முதலாம் பராந்தக சோழன் காலத்தது. குடவோலைக்காக எல்லாரும் அதைப் பேசறாங்க. அதுலயே இன்னொரு விதி இருக்கு: வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்துல போடக்கூடாது, அவன் உறவுக்காரங்க பேரையும் போடக்கூடாது. அந்த விதியை ஊர் நடுவுல, கோயில் சுவர்ல வெட்டி வச்சாங்க. ஊருக்குக் காட்டறதுக்குத்தான் கணக்கு.

இன்னொண்ணு. 1767 முதல் 1774 வரைக்கும் தாமஸ் பர்னார்டுங்கற ஆங்கிலேயப் பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையில ஏறக்குறைய 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில எழுதின விவரம் ஒரு பக்கம், அதோட ஆங்கிலச் சுருக்கம் இன்னொரு பக்கம். 1960-கள்ல ஆய்வாளர் தரம்பால் ஆவணக் காப்பகத்துல அந்த ஆங்கிலக் கணக்கைத் தேடி எடுத்தார். ஓலைகள் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குப் போச்சு. எந்த ஊர்ல எத்தனை ஏரி, எவ்வளவு நஞ்சை, விளைச்சல்ல யாருக்கு எவ்வளவு பங்குன்னு 250 வருஷம் கழிச்சும் நமக்குத் தெரியுதுன்னா, கணக்கு ரெண்டு இடத்துல இருந்ததாலதான்.

இந்தப் பகுதியில இது வெறும் நிவாரணப் பிரச்சினையும் இல்லை. 1990-கள் கடைசியில இருங்காட்டுக்கோட்டையில கார் தொழிற்சாலை வந்தது. 2010-ல ஒரகடத்துல இன்னொண்ணு. அதுக்குப் பின்னாடி வரிசையா வந்துட்டே இருக்கு. வேலை கிடைச்சது, மறுக்க மாட்டேன். என் வீட்லயே ரெண்டு பேர் அந்தச் சம்பளத்துல படிச்சாங்க. ஆனா அடங்கல்ல 'தரிசு'ங்கற ஒரு வார்த்தை இங்கே எவ்வளவு கனமானதுன்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. மூணு போகம் விளைஞ்ச இடம், சொர்ணவாரி ஒண்ணை விட்டுட்டா ஏதோ வெறும் மனை மாதிரிப் பேச்சு ஆரம்பிச்சுடும். 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலமே இல்லாத குத்தகைக்காரர், கூலிக்காரர் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமா ஏத்துக்குது. ஆனா கையகப்படுத்தறதுக்கு முன்னாடி மூணு வருஷம் அங்கே வேலை செஞ்சிருக்கணும். அந்த மூணு வருஷத்தை வார அண்ணன் எதை வச்சு நிரூபிப்பார்? பொண்ணோட வாட்ஸ்அப் படத்தை வச்சா?

'அப்போ எல்லாத்தையும் எல்லாருக்கும் தானா பகிர்ந்துடலாமே'ன்னு சிலர் சொல்லலாம். அங்கே நான் நிப்பேன். எந்தக் கழனி எத்தனை போகம் சும்மா கிடந்தது, யாரு கஷ்டத்துல இருக்காங்கன்னு ஒரு புரோக்கருக்குத் தெரிஞ்சா, அடுத்த நாள் காலையில வாசல்ல கார் நிக்கும். அதனால பாதுகாப்பு நகல் தானா நடக்கட்டும். பகிர்றது ஒரு ஒழுங்கோட நடக்கட்டும். முதல் நகல் உழறவருக்கு, அடுத்தது பட்டாதாரருக்கு. ஒவ்வொரு போகமும் முடிஞ்சதும் சர்வே நம்பரையும் பயிரையும் கிராம சபையில வாசிக்கட்டும். தப்பு இருந்தா திருத்த அவகாசம் கொடுக்கட்டும். போன் நம்பர், ஆதார், வங்கிக் கணக்கு எதுவும் வெளியே போகக் கூடாது.

அது வர்ற வரைக்கும் நான் செய்யறதைச் சொல்றேன், கிராமத்துல அப்பா அம்மா இருக்கறவங்க அவங்க போன்ல இதைச் செஞ்சு கொடுங்க. பேக்கப் செட்டிங்ல மொபைல் டேட்டாவையும் அனுமதியுங்க. கேமராவுல இருப்பிடத்தை ஆன் பண்ணுங்க. வாட்ஸ்அப்ல படமா அனுப்பினா இடக்குறிப்பு அழிஞ்சுடும், டாக்குமெண்டா அனுப்புங்க. போன்ல இடம் பத்தலைன்னு கூகுள் போட்டோஸ்ல அழிச்சா மேலே இருக்கறதும் சேர்ந்து போயிடும், ஜாக்கிரதை. எங்க வீட்ல இப்போ ஒரே ஃபோல்டர், நான், பையன், வார அண்ணன் மூணு பேரும் பார்க்கலாம். போகத்துக்கு மூணு படம்: நட்டதும், கதிர் வந்ததும், அறுப்பு அன்னைக்கும். அவர் கழனிக்கும் சேர்த்துத்தான்.

கடைசியா, நகரத்துல இருக்கற உங்ககிட்ட நேராவே ஒண்ணு கேட்கறேன். உங்கள்ல பல பேருக்கு ஊர்ல பட்டா இருக்கும். உழறது வேற யாரோ. அடங்கல்ல அவர் பேரு வந்தா நிலம் போயிடுமோன்னு பயந்து, 'சொந்தச் சாகுபடி'ன்னே எழுத வைக்கிறது ரொம்ப நாள் வழக்கம். அந்தப் பயம் எனக்குப் புரியாம இல்லை. ஆனா செயலி எவ்வளவு துல்லியமா படம் எடுத்தாலும், நாம சொல்ற பேரைத்தான் அது எழுதிக்கும். அடுத்த தடவை கணக்கெடுக்க வந்து, "இதை யாருங்க செய்யறது?"ன்னு போன்ல உங்களைக் கேட்டா, என்ன பேரு சொல்வீங்க?