தேர்ச்சீலையும் கந்தல் மூட்டையும்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் பெரிய தேரைப் பாராத விருதுநகர் ஜில்லாவாசி அபூர்வம். தேரின் மரச் சிற்பத்தைப் புகழாதவர் இல்லை. வடத்தின் கனத்தைப் பற்றிப் பேசாதவரும் இல்லை. ஆனால் தேருக்கு மேலே காற்றில் அசையும் துணியைப் பற்றி யாரேனும் இரண்டு வார்த்தை சொல்லி நாம் கேட்டதில்லை. துணிதானே என்ற அலட்சியம்!

மரபாகச் செய்யப்படும் தேர்ச்சீலை சித்திரம் தீட்டியதன்று, அச்சடித்ததுமன்று. சிவப்பும் வெள்ளையும் மஞ்சளும் பச்சையும் கறுப்புமான பருத்தித் துணிகளில் தாமரை, அன்னம், யாளி முதலிய உருவங்களை வெட்டி, வேறு நிறத் துணிமேல் வைத்து, ஓரம் பிரியாமல் தைத்தெடுத்த வேலை அது. உருளைகளாகத் தொங்கும் தொம்பைகளும் அவ்வாறே செய்யப்படுகின்றன. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கைவேலைக்காரர்களுக்கு இதில் பெயர் உண்டு. நூறடி தள்ளி நிற்பவன் கண்ணுக்கும் உருவம் தெரிய வேண்டுமென்பதால், அவர்கள் நுணுக்கத்தைக் குறைத்து நிறத்தின் மோதலையே நம்புகிறார்கள். துணிச் சித்திரம் செய்ய விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல முதற்பாடம் வேறு கிடையாது.

மேல்நாட்டில் இவ்வகை வேலைக்குக் ‘குவில்ட்’ என்று பெயர். மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்து நூலோட்டினால் குவில்ட். கட்டிலில் கிடந்த அந்தப் போர்வை 1971-ல் நியூயார்க்கின் விட்னி மியூஸியத்தில் சுவரேறிற்று. 1979 முதல் ஒஹாயோ மாகாணத்து ஏதென்ஸ் நகரில் இதற்கென்றே கண்காட்சி நடக்கிறது. சென்னையிலும் 2019-ல் ஒரு குவில்ட் விழா நடந்தது. அதற்குப் பிறகு நம் சகோதரிகள் சிலர் கடல் கடந்து துணியும் பஞ்சும் வரவழைப்பதாகக் கேள்விப்படுகிறோம். இதுதான் நமக்குப் புரியவில்லை.

தளவாய்புரத்தில் வீதிக்கு வீதி நைட்டி தைக்கிறார்கள். வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. அருப்புக்கோட்டையில் கைத்தறிச் சேலை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலோ காயத்துக்குக் கட்டும் சல்லாத்துணி நெய்கிறார்கள். இந்தச் சல்லாவைக் கடுக்காய்க் கஷாயத்தில் தோய்த்து உலர்த்துங்கள். பிறகு, துருப்பிடித்த ஆணிகளைக் கருப்பட்டி நீரில் பல நாள் ஊறவைத்து, அந்த நீரில் முக்குங்கள். கறுத்துப் போகும். அதை வெளிர்த் துணிமேல் பரப்பித் தைத்தால் மழைமேகம் என்றே சொல்லலாம். மஞ்சள் நீரை மட்டும் நம்ப வேண்டாம். வெயில் பட்டால் வெளுத்துவிடும்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நடுவே பஞ்சு அவசியமில்லை. வங்காளத்துக் காந்தாவில் பழைய சேலைகளே அடுக்குகள். இங்கே தோய்த்துத் தோய்த்து மெலிந்த வேஷ்டி அந்த வேலையைச் செய்யும். பஞ்சைப் போல் ஒரு பக்கம் திரண்டு நிற்காது. அடித்துணிக்குக் கதர் மேல். நெருக்கமாக நெய்த மில் துணி ஊசியை எதிர்க்கும்; கதர் இடங்கொடுக்கும். புதுத் துணியானால் ஓரிரவு நீரில் ஊறவைத்துச் சுருங்கவிட்டே வெட்ட வேண்டும். சிவப்பை ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் அந்தச் சிவப்பை விலக்குங்கள். பாவு நூலின் போக்கிலேயே வெட்டுங்கள். குறுக்குச் சாய்வாக வெட்டிய துண்டு இழுபட்டுக் கோணும். அன்னத்தின் கழுத்தைப் போல் வளைந்தோடும் உருவத்துக்கு அந்தக் கோணலே உதவியாகும். ஓரம் மடிக்கக் கால் அங்குலம் விடுவது போதும்.

பாலியெஸ்டர் மலிவாயிற்றே என்பார்கள். வேண்டாம். மடிப்பு நிற்காது, இஸ்திரி சூட்டில் உருகும். அது மட்டுமன்று. சிவகாசியைச் சுற்றிய பட்டாசுச் சாலைகளில் மருந்து கலக்கும் இடத்துக்குப் பருத்தி உடுத்தித்தான் போக வேண்டுமென்பது பாதுகாப்பு விதி. செயற்கை இழை உராய்ந்தால் நிலைமின்சாரம் சேரும். ஒரு பொறி போதும். பருத்தியை அழகுக்காகத் தேடுவது வேறு ஊர்களில். அங்கே அது உயிர்க்காப்பு. இந்தப் பக்கத்து வீடுகளில் பழம் பருத்திச் சேலைக்கு உள்ள மரியாதையை வெளியூரார் அறியமாட்டார்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். அடிமைகளாயிருந்த நீக்ரோ மக்களின் சந்ததியார் வாழும் இடம். 1942-ல் அங்கே மிஸ்ஸூரி பெட்வே என்ற அம்மாள், இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளைப் பிரித்துப் போர்வையாக்கினார். வேலையில் தேய்ந்து நிறம் மங்கிய துண்டுகளை அப்படியே வைத்துத் தைத்தார். அவ்வூர்ப் பெண்களின் போர்வைகளை 2002-ல் ஹூஸ்டன் மியூஸியம் காட்சிக்கு வைத்தது. 2006-ல் அந்நாட்டுத் தபால் தலையிலும் ஏறின. சீலே தேசத்தில் 1973-க்குப் பிறகு ராணுவ ஆட்சியில் காணாமற் போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் கந்தல் துணியில் சிறு சித்திரங்கள் தைத்தார்கள். பேச்சுக்குத் தடை இருந்த காலத்தில் அத்துணிகள் வெளிநாடு போய்ச் செய்தி சொல்லின.

சிவகாசிப் பக்கத்தில் வெடிவிபத்தில் ஆளை இழந்த வீடுகள் ஒன்றிரண்டல்ல. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை நாடே அறியும். பத்திரிகைகள் தொகையைச் சொல்லும், நஷ்டஈட்டைச் சொல்லும், அடுத்த வாரம் வேறு செய்தி. ஆனால் கொடியில் கிடந்த சட்டை வீட்டிலேயே இருக்கிறது. உடுக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. அதைப் போர்வையாகத் தைக்கலாமென்று சொல்ல நமக்கு உரிமை உண்டா என்று யோசித்தோம். தைக்க வேண்டியவர்கள் அவர்களே. முறையைச் சொல்லி வைப்பது மட்டுமே நம் வேலை.

வேலைத் துணியில் அலுமினியப் பொடியும் மருந்தும் இழைக்குள் புகுந்திருக்கும். ஆகவே மற்றத் துணிகளோடு சேர்க்காமல், அடுப்புக்கு எட்டத்தில், பல தண்ணீரில் அலச வேண்டும். அதற்குமுன் இஸ்திரி கூடாது. பித்தான் வரிசையையும் பையையும் வெட்டி எறியாதீர்கள். ஆளை அடையாளம் காட்டுபவை அவை. நைந்த இடத்துக்கு அடியில் சல்லாத்துணி வைத்து நெருக்கமாக நூலோட்டினால் இன்னும் பல வருஷம் தாங்கும். பாலிதீன் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பழைய வேஷ்டியில் சுற்றி, மடிப்பை அவ்வப்போது மாற்றிவைத்தால் போதும். பெயரையும் வருஷத்தையும் பின்புறத்தில் மசியால் எழுதாமல் நூலால் தைத்துவிடுங்கள்.