உன் வீட்டில் யார் செத்தது?

தமிழ்நாட்டில் அழுவது பெண்களின் வேலை. வேலை என்றுதான் சொல்கிறேன். எழவு வீட்டில் ஆண்கள் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்க வேண்டியவர்கள் பெண்கள். சரியாக அழாத மருமகளை ஊர் இருபது வருடமானாலும் மறக்காது. விடிய விடிய அழுது தொண்டை கட்டிப்போன பிறகு, பாடை கிளம்பும்போது தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். சுடுகாடு ஆண்களுக்கு.

இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. யாருக்காக அழுவது என்பதை அழுகிறவள் முடிவு செய்யக்கூடாது. மாமனாரின் பங்காளி செத்தால், முகம் பார்த்தறியாத ஆளாக இருந்தாலும், மாரடித்து அழ வேண்டும். வருடக்கணக்காகத் தினமும் காதருகே பாடியவள் செத்து, அதற்காக ஒருத்தி அழுதால், “உன் வீட்டில் யார் செத்தது?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

2010 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, பாடகி ஸ்வர்ணலதா சென்னையில் இறந்தார். வயது 37. 1987இல் ‘நீதிக்குத் தண்டனை’ படத்தில் பாடத் தொடங்கியவர். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என்று பல மொழிகளில் பாடியவர். அப்போது நான் ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் லைனில் இருந்தேன். எங்கள் லைனில் பாகலூர்ப் பெண்கள் தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள், தளியிலிருந்து வந்தவர்கள் கன்னடம் பேசுவார்கள், காவேரிப்பட்டினம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த நாங்கள் தமிழ். கம்பெனி பஸ்ஸில் டிரைவர் எந்த மொழிப் பாட்டைப் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் அவர் குரல் வந்துவிடும். மூன்று மொழிக்காரிகளும் ‘நம்ம ஆளு’ என்று சொல்லிக்கொண்ட குரல் அது.

திங்கட்கிழமை காலை ஷிப்டில் நாலைந்து பேர் மிஷினில் உட்கார்ந்தபடியே அழுதோம். சூப்பர்வைசர் வந்து கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. கேட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்து டேபிளில் இருந்த ஆண்களும் சிரித்தார்கள். அன்றைய டார்கெட்டில் ஒரு பீஸ்கூடக் குறையவில்லை. அழுதுகொண்டே தைத்தோம்.

இந்தச் சிரிப்பு எல்லாத் துக்கத்துக்கும் பொதுவானதல்ல என்பது எல்லையில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். 2006 ஏப்ரல் 12 அன்று கன்னட நடிகர் ராஜ்குமார் இறந்தபோது பெங்களூர் பற்றி எரிந்தது. ஒரு போலீஸ்காரர் உட்பட எட்டுப் பேர் செத்தார்கள். 2021 அக்டோபர் 29 அன்று அவருடைய மகன் புனித் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபோது, பெங்களூரில் அக்டோபர் 31 வரை மது விற்பனையையே தடை செய்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் கண்டீரவா மைதானத்தில் வரிசையில் நின்றார்கள். அதில் பெண்களும் இருந்தார்கள். ஆனால் போலீஸும் தடையும் தடுப்புக் கட்டைகளும் யாருடைய துக்கத்தை மனதில் வைத்துத் திட்டமிடப்பட்டன? ஆண் அழுதால் ஊர் என்னவாகும் என்று அரசாங்கம் உட்கார்ந்து யோசிக்கிறது. பெண் அழுதால் சூப்பர்வைசர் சிரிக்கிறார்.

எட்டு உயிர் போகிற துக்கம் நமக்கு வேண்டாம். கல்லெறிகிற உரிமையை நான் கேட்கவில்லை. ஓர் ஆணின் ரசிக மனம் தெருவை மறிக்கும் அளவுக்கு நிஜமென்று ஒப்புக்கொள்ளும் ஊர், ஒரு பெண்ணின் ரசிக மனத்தை ஏன் பைத்தியக்காரத்தனம் என்கிறது என்றுதான் கேட்கிறேன்.

ஒரு காரணம் ரசிகர் மன்றம். மன்றத்துக்கு போர்டு உண்டு, தலைவர், செயலாளர் உண்டு. நடிகர் செத்தால் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் கீழே இவர்கள் முகங்களும் வரிசையாக வரும். துக்கத்தோடு சேர்ந்து தெருவில் ஓர் அந்தஸ்தும் கிடைக்கிறது. நாம் ரசிப்பது அடுப்படியிலும் பஸ்ஸிலும் ஹாஸ்டல் கட்டிலிலும். அதற்குப் பதிவேடு இல்லை. நாம் ரசித்ததும் திரையில் முகம் காட்டாத பெண்ணை. பின்னணிப் பாடகியின் குரல் கதாநாயகியின் வாயசைப்புக்குப் போய்விடும். புகழ் இசையமைப்பாளருக்குப் போய்விடும். முகமில்லாதவளுக்காகப் பெயரில்லாதவர்கள் அழுதால் யார் கணக்கில் எடுப்பார்கள்?

“ஏன், எம்.ஜி.ஆர். செத்தபோது, ஜெயலலிதா செத்தபோது பெண்கள் அழவில்லையா, யார் தடுத்தார்கள்?” என்று கேட்பீர்கள். அழுதார்கள். எப்படி அழுதார்கள் என்று பாருங்கள். எம்.ஜி.ஆர். பெண்களை ‘தாய்க்குலமே’ என்றழைத்து ஒரு உறவுமுறைக்குள் வைத்திருந்தார். ஜெயலலிதா ‘அம்மா’. உறவுப்பெயர் இருந்ததால் அழுகைக்கு அனுமதி இருந்தது. உறவுப்பெயர் இல்லாதவளுக்கு என்ன நடக்கும் என்பதையும் 1987 டிசம்பரில் தமிழ்நாடு பார்த்தது. அதே ஜெயலலிதா ராஜாஜி மண்டபத்தில் எம்.ஜி.ஆர். உடலருகே இரண்டு நாட்கள் நின்றார். உடல் ஏற்றிய பீரங்கி வண்டியில் ஏறியபோது கீழே தள்ளிவிடப்பட்டார். அவர் நாடாளுமன்ற மாநிலங்களவை உறுப்பினர், கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளராக இருந்தவர். அது போதவில்லை. நீ அவருக்கு என்ன உறவு என்பதுதான் அன்றும் கேள்வி. அவருடைய அரசியலை எவ்வளவு எதிர்த்தாலும், அந்தத் தள்ளலை நாம் மறக்கக்கூடாது.

செத்தவளுக்கும் இதே கதிதான். 2024 ஜனவரி 25 அன்று பவதாரிணி இலங்கையில் இறந்தார். 47 வயது. ‘பாரதி’ படப் பாடலுக்குத் தேசிய விருது வாங்கியவர். தானே இசையமைத்தவர். செய்திகளில் முதலில் வந்தது ‘இளையராஜாவின் மகள்’. அப்பாவின் துக்கம் பெரிது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தனிக் குரலுக்காக அழுதவர்கள் அவர் வீட்டாருக்கு ஆறுதல் சொல்லப்போனவர்கள் அல்ல. அவர்கள் இழந்தது ஒரு பாடகியை.

இன்னொரு கேள்வி நம் தோழர்களிடமிருந்தே வரும். தொழிலாளி சாகிறான், அதற்கு அழாமல் சினிமாக்காரிக்கு அழுகை என்ன? 2023 அக்டோபர் 7 அன்று ஓசூரைத் தாண்டியதும் வரும் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பிடித்து, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போன பையன்கள் கருகினார்கள். அதற்கும் அழுதோம், அதுவும் மிஷினில் உட்கார்ந்தபடியேதான். பாடகிக்கு அழ நேரம் தராதவர்கள் தொழிலாளிக்கு அழ மட்டும் நேரம் தந்துவிட்டார்களா என்ன? நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டப்படி, 240 நாள் வேலை செய்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. அதற்குப் பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். உடம்புக்கு முடியாவிட்டால் விலக்கு உண்டு. சாவு பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுத்துவிட்டா வருகிறது? நம் கண்ணீருக்கு அளவு வைத்து, பாடகிக்கா தொழிலாளிக்கா என்று பங்கு போடச் சொல்வதே முதலாளி கணக்கு.

‘கருத்தம்மா’வைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1994இல் பாரதிராஜா எடுத்த அந்தப் படம் பெண் சிசுக்கொலையைப் பற்றியது. அதில் பாடியதற்குத்தான் ஸ்வர்ணலதாவுக்குத் தேசிய விருது. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் அல்ல, தர்மபுரியின் பகுதி. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தர்மபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை. எங்கள் லைனில் இருந்தவர்களில் பலர் அந்த மாவட்டத்தில், அந்த வருடங்களில் பிறந்து மிஞ்சியவர்கள். எனக்கு முன்னால் பிறந்ததும் பெண். அதற்குப் பெயர் இல்லை. எந்தக் கிழமை என்றுகூட அம்மா சொன்னதில்லை. ஒப்பாரிக்குப் பேர்போன என் பாட்டி அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

என் வீட்டில் யார் செத்தது என்று கேட்டார்களே, இவள்தான் செத்தாள். அவளுக்காக அழ எந்த வீட்டுக்கும் தோன்றவில்லை. அந்தப் பாட்டைக் கேட்டபோதுதான் அவளுக்காக முதன்முதலாக யாரோ அழுவது என் காதில் விழுந்தது. பாடியவள் எனக்குச் சொந்தமல்ல, என் சாதியா என்று தெரியாது, என் மாவட்டத்தை அவர் பார்த்திருப்பாரா என்றும் தெரியாது. என் வீடு செய்யத் தவறியதை அவர் குரல் செய்தது. அவர் போனபோது நான் அழுததில் பைத்தியம் எங்கே இருக்கிறது?

இன்று ஓசூரிலிருந்து போச்சம்பள்ளி வரை ஆயிரக்கணக்கான பெண்கள் போன் பாகங்களும் ஸ்கூட்டரும் செய்கிற தொழிற்சாலைகளில் நிற்கிறார்கள். ஹாஸ்டலில் ஓர் அறைக்குப் பல கட்டில். அவர்கள் காதில் மாட்டியிருக்கும் குரல்களில் சில கொரியாவிலிருந்துகூட வருகின்றன. அந்தக் குரல்களும் ஒருநாள் நிற்கும். அன்று செய்ய வேண்டியவற்றை இப்போதே பேசி வைத்துக்கொள்வோம். ஹாஸ்டல் கூடத்தை ஒரு மாலைக்குக் கேட்டு வாங்குங்கள். செத்தவளின் பெயரைப் பலகையில் எழுதுங்கள், இன்னார் மகள் என்ற அடைமொழி இல்லாமல். அவள் பாடியதை வரிசையாகப் போட்டு, எந்தப் பாட்டு யாருக்கு எந்த நாளில் துணையாக இருந்தது என்று ஒவ்வொருத்தியும் சொல்லட்டும். அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நமக்கு மன்றம் இல்லையென்றால், அந்த நோட்டிலிருந்து தொடங்கலாம்.

யாராவது வந்து, உன் வீட்டில் யார் செத்தது என்று கேட்டால், அவளும் எங்க வீட்டு ஆள் மாதிரிதான் என்று தயவுசெய்து சமாளிக்காதீர்கள். வீட்டில் யாரும் இல்லை, வெளியே ஒருத்தி செத்துப்போனாள் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அழுங்கள்.