'எங்கே இல்லை' என்பதும் ஒரு பதில்தான்

1/
ஞாயிற்றுக்கிழமை த்ரெட். இன்னைக்கு மருத்துவம் கொஞ்சம், விளையாட்டு நிறைய. தேடப்படுற ஆளோட காய் போர்டு மேலயே இருக்காது. மத்தவங்க எல்லாரும் சேர்ந்து அவரைப் பிடிக்கணும். இந்த மாதிரி போர்டு கேம்கள் ஏன் ஆளை இப்படி இழுக்குதுன்னு என் கருத்தைச் சொல்றேன்.

2/
நம்ம ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கோங்க. 3 புலி, 15 ஆடு. ரெண்டு பக்கமும் சமம் இல்லை, ஆனா எல்லாக் காயும் கண் முன்னாடி இருக்கு. சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுற ராஜா ராணி போலீஸ் திருடன் இதுக்கு நேர் எதிர். அதில் போலீஸ் மூஞ்சியைப் பார்த்துக் குத்துமதிப்பா ஒருத்தரைக் கைகாட்டணும், அவ்வளவுதான். முதல் ஆட்டத்தில் மறைவே இல்லை. ரெண்டாவதில் தடயமே இல்லை. நான் சொல்ற ஆட்டங்கள் இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கு.

3/
நல்ல உதாரணம் ஸ்காட்லாந்து யார்டு. ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் நிறுவனம் 1983-ல் வெளியிட்டது. அதே வருஷம் அந்த நாட்டின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதும் வாங்கிச்சு. லண்டன் வரைபடம், அதில் 199 வரை எண் போட்ட நிறுத்தங்கள். ஒருத்தர் மிஸ்டர் எக்ஸ், மத்தவங்க துப்பறிவாளர்கள். மிஸ்டர் எக்ஸ் தான் போற நிறுத்தத்தின் எண்ணை எழுதி மூடி வெச்சுடுவார். ஆனா எதில் போனார்னு டிக்கெட்டைக் காட்டணும்: டாக்ஸியா, பஸ்ஸா, பாதாள ரயிலா.

4/
3, 8, 13, 18-வது நகர்வுகளில் அவர் தன் இடத்தைக் காட்டியே ஆகணும். அப்புறம் மறுபடி மறைஞ்சிடுவார். சுவாரஸ்யமே இங்கதான் ஆரம்பம். ஒரு நிறுத்தத்தில் பார்த்தோம், அடுத்து டாக்ஸி டிக்கெட் போட்டார்னு வைங்க. அங்கிருந்து டாக்ஸியில் போகக்கூடிய இடங்கள் நாலு. அதுக்கடுத்து பஸ் டிக்கெட். அந்த நாலில் ரெண்டில் பஸ்ஸே நிக்காது, அது ரெண்டும் அவுட். 'இங்கதான் இருக்கார்'னு இன்னும் யாராலும் சொல்ல முடியாது. ஆனா 'இங்கெல்லாம் இல்லை'ன்னு அடிச்சுச் சொல்லலாம்.

5/
துரத்திப் பிடிக்கிறதை விட, இப்படி ஒவ்வொரு இடமா அடிச்சுக்கிட்டே வர்றதுதான் இந்த ஆட்டங்களின் ருசி என்பது என் கட்சி. 2011-ல் வந்த லெட்டர்ஸ் ஃப்ரம் வைட்சேப்பல் இதை இன்னும் ஒரு படி மேல கொண்டு போகுது. போலீஸ் ஒரு எண்ணைச் சொல்லி 'இன்னைக்கு ராத்திரி இந்த வழியா வந்தியா?'ன்னு கேட்கலாம். தடயம் இருக்கு, இல்லை, ரெண்டே பதில். எப்போ வந்தார்னு சொல்ல மாட்டாங்க. ஆனா குற்றவாளி நாலு ராத்திரியும் ஒரே மறைவிடத்துக்குத்தான் திரும்பணும். அதனால முதல் ராத்திரி கிடைச்ச 'இல்லை'கூட நாலாவது ராத்திரி உதவும்.

6/
ஒரு விஷயம். அந்த ஆட்டத்தின் கரு 1888-ல் லண்டனில் நிஜமாகவே நடந்த பெண்களின் கொலைகள். அதை விளையாட்டாக்கினது எனக்கு உறுத்தல்தான். பிள்ளைகளோட விளையாட அது வேண்டாம். மிஸ்டர் எக்ஸ் போதும்.

7/
ஒளியிறவருக்கு என்ன கிக்? துப்பறிவாளர்கள் அவர் எதிர்லயே சத்தமா விவாதிப்பாங்க. தான் இருக்கிற எண்ணை ஒருத்தர் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு அசைவும் தெரியக் கூடாது. பார்வை காட்டிக்கொடுத்துடும்னுதான் பெட்டியிலேயே மிஸ்டர் எக்ஸுக்கு ஒரு கண்மறைப்புத் தொப்பி கொடுத்தாங்க! சரியா சொன்ன ஆளை மத்தவங்க 'அங்கெல்லாம் இருக்காது'ன்னு அடக்கும்போது அவருக்குள்ள வர்ற சந்தோஷம் இருக்கே, அது தனி.

8/
இந்த ஆட்டங்களில் பெரும்பாலும் துப்பறிவாளர்கள் தோக்கிறது இப்படித்தான். வீட்டில் சத்தமா பேசுற ஒருத்தர் முடிவெடுப்பார், எல்லாரும் அந்தப் பக்கம் ஓடுவாங்க. ஓரமா உக்காந்திருக்கிற பத்து வயசுப் பிள்ளை 'அவர் போட்டது பஸ் டிக்கெட், அங்க பஸ் ஸ்டாப்பே இல்லையே'ன்னு சொல்லும். யாரும் காதில் வாங்க மாட்டாங்க. வயசு, குரல், அனுபவம் எதுவும் இங்க செல்லாது. தடயத்தோட பொருந்துதா இல்லையா, அதுதான் கணக்கு.

9/
இப்போ கொஞ்சம் மருத்துவம். அரசு மருத்துவமனை ஓபி-யில் தினமும் கேட்கிற கேள்வி: "ரெண்டு நாளா காய்ச்சல், என்ன காய்ச்சல்னு ஏன் டாக்டர் சொல்ல மாட்டேங்கிறீங்க?" நியாயமான கேள்விதான். ஆனா நோயும் தன் இடத்தைச் சில நாட்களில்தான் காட்டும். டெங்குவை எடுத்துக்கோங்க. முதல் 5 நாட்களுக்கு என்எஸ்1 பரிசோதனை உதவும். ஐஜிஎம் சுமாரா 5-ம் நாளுக்கு அப்புறம்தான் தெரிய ஆரம்பிக்கும். 2-ம் நாள் எடுத்த ஐஜிஎம் நெகட்டிவ்னா டெங்கு இல்லைன்னு அர்த்தம் ஆகாது. அந்த நாளில் அது அங்க தெரியாது, அவ்வளவுதான்.

10/
இன்னும் முக்கியம். டெங்குவில் காய்ச்சல் விடுற நேரம்தான் ஆபத்தான நேரம், பெரும்பாலும் 3 முதல் 7-ம் நாளுக்குள். 'காய்ச்சல் விட்டுருச்சு, சரியாப் போச்சு'ன்னு வீட்டில் நினைப்பாங்க. உள்ளே ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிச்சிருக்கும். கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுக்கு மீறின சோர்வு இருந்தா உடனே மருத்துவமனைக்கு வாங்க. காய்ச்சல் இல்லைன்னாலும் வாங்க.

11/
போர்டு கேம் ஆடினா டாக்டர் ஆயிடலாம்னு சொல்லல. ஆனா உடனே பதில் கிடைக்கலைன்னா எரிச்சலாகி, உறுதியா பேசுற முதல் ஆளை நம்புற பழக்கம் நமக்கு இருக்கு. வாட்ஸ்அப் வைத்தியம் அதில்தான் பிழைக்குது. தெரியாத நிலையில் நாலு பேரா உக்காந்து, பொறுமையா, கையில் இருக்கிற தடயத்தை வெச்சு யோசிக்கிறதுக்கு வீட்டில் நமக்குப் பயிற்சியே கிடையாது. இந்த ஆட்டங்கள் அதைச் சிரிச்சுக்கிட்டே செய்ய வைக்குது.

12/
ஆரம்பிக்கிறவங்களுக்கு: முதல் ரவுண்டில் விதிகள் தெரிஞ்ச பெரியவர் மிஸ்டர் எக்ஸா இருக்கட்டும். துப்பறிவாளர்கள் சாத்தியமான இடங்களை ஒரு தாளில் எழுதி எழுதி அடிங்க. பெட்டி வாங்க வசதி இல்லையா? ஒரு சார்ட் பேப்பரில் உங்க ஊர் பஸ் ரூட், ஷேர் ஆட்டோ ரூட் ரெண்டையும் வேற வேற கலரில் வரைஞ்சு, நிறுத்தங்களுக்கு எண் போடுங்க. டிக்கெட்டை அட்டையில் வெட்டிக்கலாம். பிள்ளைங்க வரைபடம் போடும்போதே பாதி ஆட்டம் முடிஞ்சிடும்.

ஆடிப் பார்த்துட்டு, யார் மிஸ்டர் எக்ஸைப் பிடிச்சாங்கன்னு கீழ சொல்லுங்க.