தோட்டத்து மக்களுக்கு ஒரு பேருந்து

2025 செப்டம்பர் 30ஆம் நாள் தொட்டு ரோன்95 பெட்ரோலை மலேசியக் குடிமக்கள் லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு கொடுத்து நிரப்பிக்கொள்ளலாம் என்றாயிற்று. பூடி95 என்னும் அத்திட்டம் தொடங்கியபோது மானியமற்ற விலை 2 வெள்ளி 60 காசு. அப்போது ஒருவருக்கு மாத வரம்பு 300 லிட்டர். இக்கணக்கைச் சற்றே விரித்துப் பார்க்க வேண்டும். வரம்பு முழுவதையும் பயன்படுத்தும் வசதி படைத்தவருக்குக் கருவூலத்திலிருந்து மாதம் 183 வெள்ளி சேர்ந்தது. மோட்டார்சைக்கிளில் நாள்தோறும் வேலைக்குப் போய்வந்து 40 லிட்டர் செலவிடும் தோட்டத்து இளைஞனுக்குச் சேர்ந்தது 24 வெள்ளி 40 காசு. வாழ்நாளெல்லாம் பால்மரம் வெட்டி ஓய்ந்து, வண்டி ஓட்டக் கற்றிராத அவனுடைய பாட்டிக்கு ஒரு காசும் இல்லை. மானியம் பெற அடையாள அட்டையோடு செல்லத்தக்க ஓட்டுநர் உரிமமும் இருந்தாக வேண்டும் என்பது விதி.

மானியத்தை நெறிப்படுத்தியதை நாம் குறைகூறவில்லை. மக்கள் பணத்தில் விலை குறைக்கப்பட்ட எண்ணெய் எல்லை தாண்டிப் போவதைத் தடுப்பது எந்த அரசாங்கத்துக்கும் கடமை. நாம் கேட்பது வேறு. பயணச் செலவைத் தாங்கிக்கொள்ளும் பொறுப்பை அரசாங்கம் ஏற்கிறது என்றால், அப்பொறுப்பு வண்டி உடையவரோடு ஏன் நின்றுவிடுகிறது?

திகாம் பத்து கெடாவின் கோல மூடா மாவட்டத்தில், சுங்கை பட்டாணிக்கும் கப்பளா பத்தாசுக்கும் இடையே, பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் அமைந்த சிற்றூர். தெற்கே மூடா ஆற்றைக் கடந்தால் பினாங்கு மாநிலம். இருள் பிரியாத காலையில் இச்சாலையோரம் நிற்கும் பெண்களைப் பார்த்திருப்போர் பலர். கழுத்தில் தொழிற்சாலை அட்டை, கையில் சோற்றுப் பை. தொழிற்சாலைப் பேருந்து வருகிறது, ஏற்றுகிறது, போகிறது. ஒரு நாள் பிந்தினால் உற்பத்தி பிந்தும் என்பதால் அது பிந்துவதில்லை. அதே சாலையோரத்துக்கு, வெயில் ஏறியபின், மருந்துப் பையும் மருத்துவமனைச் சந்திப்பு அட்டையுமாக ஒரு மூதாட்டி வந்து நிற்கிறார். சுங்கை பட்டாணி அமான்ஜெயாவிலுள்ள சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கு அவர் போக வேண்டும். மகன் விடுப்பு எடுத்தால் அவனுக்கு அன்றைய கூலி போயிற்று. பக்கத்து வீட்டுக் காரை அழைத்தால் எண்ணெய்க் காசு கொடுக்க வேண்டும். அதைவிட, திரும்பத் திரும்பக் கேட்கும் கூச்சம் பெரிது. கைப்பேசிச் செயலியில் வாடகை வண்டி அழைக்கலாம். போவதற்கு வண்டி கிடைத்தாலும், மருந்துச் சீட்டு வாங்கி வெளியே வருகையில் கட்டணம் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை அவரால் முன்னரே அறிய இயலாது.

உழைப்பை ஏற்றிச் செல்ல வண்டி உண்டு. உழைத்தவர் தம் தேவைக்குப் போக வண்டி இல்லை. இந்தத் தோட்டத்துத் தமிழ் மக்களின் நூறாண்டு வரலாறு நெடுகிலும் இதுவே நிலைமை. நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பலில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள் தோட்டத்தின் தேவைக்காக வந்தவர்கள். 1915இல் அலோர் ஸ்டாரையும் 1918இல் பாடாங் பெசாரையும் எட்டிய இரயில்பாதை, ரப்பரையும் அரிசியையும் துறைமுகத்தோடு இணைப்பதற்கு உதவியது. மலாயாவின் தண்டவாளங்களில் தமிழரின் வியர்வை கலந்திருக்கிறது என்பதை எவரும் மறுப்பதில்லை. ஜப்பானியர் ஆட்சியில் அத்தமிழர்களே அதே தண்டவாளத்தின் மேல் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு வடக்கே கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரவர் காட்டிலேயே மாண்டிருந்தனர். கெடாவில் பழைய தோட்டக் குடும்பங்களிடையே, திரும்பி வராத ஒருவரின் பெயரை இன்றும் சொல்லக் கேட்கலாம். விடுதலைக்குப் பின் தோட்ட லாரி வந்தது; அது காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டு நேரத்துக்கு வந்தது. இப்போது தொழிற்சாலைப் பேருந்து வருகிறது.

பொதுப் பேருந்து எங்கே போயிற்று? இதற்கு விடை தற்செயலன்று. அரசியல் முடிவுகளில் இருக்கிறது. கெடா மண்ணில் பிறந்த துன் டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்தபோது, 1983இல் புரோட்டோன் நிறுவப்பட்டு, 1985இல் சாகா வெளிவந்தது. நாட்டின் தொழில்திறனுக்கு அது அடையாளம் என்பதை நாம் மதிக்கிறோம். ஆனால் உள்நாட்டுக் கார், எளிய தவணைக் கடன், மலிவு எண்ணெய், 1994 செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தபோது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த வண்டி இருந்தே தீரும் என்ற எண்ணத்தின்மேல் நாடு கட்டமைக்கப்பட்டுவிட்டது. சிற்றூர்ப் பேருந்துகளோ தனியாரிடம், பயணச்சீட்டு வருமானத்தையே நம்பி விடப்பட்டன. பயணி குறையக் குறைய நடைகள் குறைந்தன. நடை குறையவே இருந்த பயணியும் கடன்பட்டு மோட்டார்சைக்கிள் வாங்கினார். அதே காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனைக் காடு வீடமைப்புப் பகுதியாயிற்று. கோயிலும் பள்ளியும் மருந்தகமும் நடந்து போகும் தூரத்தில் இருந்த லயத்து வாழ்க்கை கலைந்து, எல்லாவற்றுக்கும் சாலையேற வேண்டிய நிலை வந்த வேளையில் பேருந்து மறையத் தொடங்கியது.

எஞ்சியது மோட்டார்சைக்கிள். 2019 சனவரி முதல் பினாங்குப் பாலங்களில் அதற்குச் சுங்கக் கட்டணம் நீக்கப்பட்டது. ஏழைகளுக்கு இலவசமாக உரிமம் எடுத்துத் தரும் மைலெசன் திட்டமும் வந்தது. இரண்டும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. ஆயினும் மலேசியச் சாலைகளில் ஆண்டுதோறும் மடிவோர் 6,000க்கு மேல். அவர்களுள் ஏறத்தாழ மூவரில் இருவர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். இரவுப் பணி முடித்து, தூக்கம் கண்ணைச் சுழற்ற, மழையில் பினாங்கின் பிறைத் தொழிற்பேட்டையிலிருந்து வடக்கே திரும்பும் பிள்ளைகளை நினைத்துத் தாய்மார் விழித்திருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு உரிமத்தை நீட்டுவது உதவியாகாது. அந்தப் பிள்ளை உட்கார்ந்து உறங்கியபடி வீடு வந்துசேர ஒரு வண்டி வேண்டும்.

தொழில்நுட்பம் இக்குறையைத் தீர்க்கும் என்று நம்பச் சொல்கிறார்கள். 2025 ஆகஸ்டு 31ஆம் நாள், 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனின் மைகார்டிலும் 100 வெள்ளி சாரா உதவித்தொகை சேர்க்கப்பட்டது. 22 மில்லியன் மக்களுக்கான அவ்வுதவியைக் குறிப்பிட்ட 4,100க்கும் மேற்பட்ட கடைகளில் அட்டையைக் கொடுத்துச் செலவிடலாம் என்று ஏற்பாடாகியிருந்தது. முதல் நாளிலேயே கூட்டம் தாங்காமல் கணினி முறைமை முடங்கியது. அரிசியும் எண்ணெயும் கூடையில் எடுத்துவைத்து வரிசையில் நின்றவர்கள் அவற்றை மீண்டும் அடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பினர். நகரத்தார் மறுநாள் எளிதாகப் போய் வாங்கியிருப்பர். வண்டிக்குக் காசு கொடுத்து வந்த கிழவிக்கு அந்த மறுநாள் இன்னொரு செலவு. இலவசத்தைப் பெறுவதற்கே பயணப்பட வேண்டிய மக்களுக்கு முதலில் பயணத்தைத் தர வேண்டாமா?

அட்டையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல்லாண்டு உளி பிடித்து, பால் வழித்து, கட்டைவிரல் ரேகை தேய்ந்தவர்கள் கெடாவில் உண்டு. அட்டையோடு ரேகையைச் சரிபார்க்கும் கருவி அவர்களது விரலை ஏற்காதபோது முகப்பில் இருக்கும் ஊழியர் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கச் சொல்கிறார். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. அந்த அம்மாள் தலை குனிகிறார். இதே நாட்டில் பிறந்து வளர்ந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்தவர்களுக்கோ பூடி95உம் இல்லை, சாராவும் இல்லை. 2011 பிப்ரவரியில் ஆவணமற்றோரைப் பதிவுசெய்யும் மைடஃப்தார் இயக்கம் நடத்தப்பட்டபோது குடியுரிமைச் சிக்கலின் ஆழம் வெளியே தெரிந்தது. அதன் பின்னர் ஆட்சிகள் மாறின. ஒவ்வொரு புதிய திட்டமும் அட்டையை வாயிற்படியாக்கும்போது இவர்களின் வெளிநிற்பு மேலும் உறுதிப்படுகிறது. பேருந்துக்கு மட்டும் குடியுரிமை கேட்கும் வழக்கமில்லை. பொதுப் போக்குவரத்தை நாம் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேடைகளில் பேசப்படுவது என்ன? சிடாம் வட்டாரத்தில் பன்னாட்டு விமான நிலையம் எழ வேண்டும் என்று கெடா மாநில அரசாங்கம் பல ஆண்டுகளாக வாதாடி வருகிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் நிலையத்தை விரிவாக்குவதே போதும் என்பது மறுதரப்பு வாதம். மூடா ஆற்று நீருக்கும் இவ்வாறே இரு மாநிலங்களுக்கிடையே தகராறு நீடிக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதம் 50 வெள்ளிக்கு வரம்பின்றிப் பயணம் செய்யும் மை50 அட்டை உண்டு. பினாங்கில் 2025 சனவரியில் இலகு இரயில் பணிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இவற்றை நாம் பொறாமையோடு பார்க்கவில்லை. நகரங்களுக்கு அவை தேவை. ஆனால் 2023 ஆகஸ்டு தேர்தலில் 36 இடங்களில் 33ஐ வென்ற மாநில ஆளுங்கூட்டணியும், புத்ராஜெயாவில் ஆளும் கூட்டணியும், விமானத்தைப் பற்றிச் சொற்போர் நிகழ்த்துகையில் மருத்துவமனைக்குப் போகும் பேருந்தைப் பற்றி ஒரு சொல் சேர்த்துக்கொள்ளக் கூடாதா?

இருக்கும் நன்மையை மறைக்கலாகாது. ஈப்போ முதல் பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் இரட்டைப் பாதை மின்மயமாக்கப்பட்டு, 2015 முதல் இடிஎஸ் விரைவு இரயில் ஓடுகிறது. வடக்குக் கொமுட்டர் இரயில் பட்டர்வொர்த்தையும் சுங்கை பட்டாணியையும் குருணையும் அலோர் ஸ்டாரையும் இணைக்கிறது. சிறு கட்டணத்தில், நேரம் தவறாது போய்வரத்தக்க சேவை. பல நூறு கோடி வெள்ளி செலவிட்ட அப்பாதையின் பயன் நிலைய வாசலோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் வருத்தம். நிலையத்துக்குப் போகவே மோட்டார்சைக்கிள் வேண்டுமென்றால், அதிலேயே வேலையிடம் வரை போய்விடலாம் என்று எவரும் நினைப்பர்.

தீர்வு கண்ணுக்கு எட்டிய தொலைவிலேயே இருக்கிறது. அலோர் ஸ்டாரில் ஓடும் பாஸ்.மை சேவையில், ஓடும் கிலோமீட்டருக்கு இன்ன தொகை என்று கூட்டரசு நடத்துநருக்குக் கொடுக்கிறது; பயணி குறைந்தாலும் நடை குறைவதில்லை. கப்பளா பத்தாஸ், திகாம் பத்து, சுங்கை பட்டாணி நிலையம், அமான்ஜெயா மருத்துவமனை என்னும் தடத்துக்கு அம்முறையை நீட்டித்தால் போதும். கொமுட்டர் வரும் நேரத்தோடு பேருந்து நேரமும் பொருந்த வேண்டும். பெருஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தோட்டங்களுக்குப் பெரிய பேருந்து போவது வீண். அங்கே கிள்ளான் பள்ளத்தாக்கில் ரேப்பிட் நிறுவனம் நடத்துவதைப் போன்று அழைத்தால் வரும் சிறு வேன் பொருந்தும். அழைப்பைச் செயலியில் மட்டும் வாங்காமல், சாதாரணத் தொலைபேசியில் தமிழிலும் மலாயிலும் பேசி வாங்க ஒருவரை அமர்த்த வேண்டும். தொழில்நுட்பத்தை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது முதியவரைத் தேடி இறங்கி வர வேண்டும் என்கிறோம்.

தோட்டத்து மக்கள் கைகட்டி நின்றவர்கள் அல்லர். போருக்குப் பின் 1946, 47ஆம் ஆண்டுகளில் ஏ.எம்.சாமி தலைமையில் கெடாத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைக்கு எதிராக நின்ற வரலாறு உண்டு. தோட்டத் துண்டாடல் வெள்ளம்போல் வந்தபோது, துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டி, விற்பனைக்கு வந்த தோட்டத்தைத் தாமே வாங்கினர். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். அன்று நிலத்தைக் காத்த அந்தக் கூட்டுறவு வழி இன்று ஒரு வேனை ஓட்டுவதற்குப் போதாதா? ஆலய நிர்வாகங்களும் பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் வட்டாரக் கூட்டுறவாக இணைந்து வேன் சேவைக்கு முன்வந்தால், உரிமத்தைத் தடையின்றி வழங்குவது தரைப் பொதுப் போக்குவரத்து முகவாண்மையின் கடமை. பொறுப்பு முழுவதையும் மக்கள் தலையில் ஏற்றிவிட்டு அரசாங்கம் ஒதுங்கவும் கூடாது. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி தீபகற்பத்தின் தரைப் பொதுப் போக்குவரத்துக்குப் பொறுப்பு கூட்டரசினுடையது.

ஆகவே எமது வேண்டுகோள் இது. ஓட்டுநர் உரிமம் இல்லாத முதியோருக்கு, எண்ணெய் மானியத்துக்கு ஈடாக ஒரு சிறு தொகையைப் பயணக் கட்டணமாக மைகார்டில் சேர்க்க வேண்டும். சிவப்பு அட்டை வைத்திருக்கும் முதியோருக்கு அதைப் பேருந்தில் கட்டண விலக்காகத் தரலாம். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் திகாம் பத்து வழியான இந்தத் தடத்தின் பெயரும் ஒதுக்கீடும் எழுத்தில் வர வேண்டும். சுங்கை பட்டாணி நகராண்மைக் கழகம் சாலையோரம் கூரையும் இருக்கையும் உள்ள நிறுத்தங்களை அமைக்க வேண்டும். பேருந்தில் கட்டணத்தை அட்டையிலும் கைப்பேசியிலும் வாங்கட்டும், ஆனால் சில்லறைக் காசை நீட்டுபவரை இறக்கிவிடக் கூடாது. காலை முதல் நடை, மருத்துவமனையில் வரிசை எண் கொடுக்கத் தொடங்கும் முன் அங்கே போய்ச் சேருமாறு புறப்பட வேண்டும். மாலைக் கடைசி நடை, மருந்தக முகப்பு மூடியபின் புறப்பட வேண்டும்.