ஐந்து நாளில் பதினான்கு இடமா?

எங்கள் நடைப்பயிற்சிக் கோஷ்டியில் ஒரு நண்பர், முதல்முறையாக வெளிநாடு போகிறார். சிங்கப்பூர். "ஐந்து நாளில் பதினான்கு இடம் சார்!" என்று பெருமையாக அட்டவணையை நீட்டினார். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது சுற்றுலாவா, ரேஷன் கடை ஆய்வா?

நானும் அப்படி ஏமாந்தவன்தான். திருச்சியில் நள்ளிரவு விமானம். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இறங்கியதும், கண் எரிய எரிய, பஸ்ஸில் ஏற்றினார்கள். மெர்லயன் சிலைக்கு இருபது நிமிடம். என் மனைவிக்கு முழங்கால் வலி. "நீங்க போட்டோ எடுத்துட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்" என்றாள். அந்த ஐந்து நாளில் அவள் பார்த்த சிங்கப்பூர் பெரும்பாலும் பஸ் ஜன்னல்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாம் முறை நாங்களே போனோம். சிராங்கூன் சாலைப் பக்கம் அறை, நாளுக்கு ஒரே இடம். காலையில் வீரமாகாளியம்மன் கோயில், பிறகு தேக்காவில் தோசை. ஒருநாள் முழுக்கத் தாவரவியல் பூங்கா. 2015இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். உள்ளே போகக் காசு கிடையாது (ஆர்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட்). மரத்தடி பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எந்த அட்டவணையில் இது வரும்?

"தனியாகப் போனால் பயமில்லையா?" என்பார்கள். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊரில் வழி கேட்க என்ன பயம்? விசாவை அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் வாங்கிவிடலாம். வருகை அட்டையை, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அவர்கள் அரசுத் தளத்திலேயே இலவசமாக நிரப்பலாம். பணம் கேட்கும் தளம் என்றால் உடனே மூடிவிடுங்கள். மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும். தூக்க மாத்திரை போன்ற சிலவற்றுக்கு முன்அனுமதி வேண்டும், ஆகவே கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் வேலை. இதற்குப் பயந்துதான் நம் வயதுக்காரர்கள் கொடி பிடித்தவன் பின்னால் ஓடுகிறார்கள்.

எல்லாவற்றையும் கேட்ட நண்பர் அட்டவணையை மடித்துப் பையில் வைத்தார். "முன்பணம் கட்டியாச்சே சார்" என்றார்.

பாதி இடங்களுக்குப் போகாமல் அறையிலேயே தூங்கச் சொல்லியிருக்கிறேன்.