அறுவைச் சிகிச்சையோடு முடிவதில்லை

புது தில்லி: 2018 ஆகஸ்ட் 9-ம் தேதி, துணைத் தலைவர் தேர்தலுக்காக மாநிலங்களவை கூடியிருந்தது. சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முதன்முறையாக அருண் ஜேட்லி அவைக்கு வந்தார். அவரை நெருங்கிக் கைகுலுக்க வேண்டாம் என்று உறுப்பினர்களை அவைத் தலைவர் வெங்கய்ய நாயுடு கேட்டுக்கொண்டார். சிகிச்சை முடிந்து ஏறத்தாழ மூன்று மாதங்களாகியும் அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது.

பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க, நோய் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைக்கிறார்கள். அப்போது உடலில் உறங்கிக் கிடக்கும் வைரஸ்கள் விழித்துக்கொள்கின்றன. முதல் ஆறு மாதங்களில் சைட்டோமெகலோ வைரஸ் தாக்கும் அபாயம் அதிகம். பிகே வைரஸ் புதிய சிறுநீரகத்தையே சிதைக்கக்கூடும். அக்கி வந்தால் கொப்புளங்கள் ஆறிய பின்னரும் நரம்பு வலி நீடிக்கலாம். அரிதாக ஜேசி வைரஸ் மூளையைத் தாக்குகிறது.

கைநடுக்கமோ வலிப்போ மனக்குழப்பமோ ஏற்பட்டால் சிக்கல் இன்னும் கூடுகிறது. டேக்ரோலிமஸ் போன்ற மருந்துகளும் இதே தொல்லைகளைத் தரக்கூடியவை. காரணம் மருந்தா, வைரஸா என்று அறிய ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், நரம்பியல் மருத்துவர் ஆகிய அனைத்தும் வேண்டும். பயந்துபோய் நோயாளியே மருந்தை நிறுத்தினால் சிறுநீரகம் பறிபோகும்.

சித்தூர் மாவட்டம் வெதுருகுப்பத்தில் இருக்கும் ஒரு விவசாயி என்ன செய்வார்? திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிலையம் இருக்கிறது. 1971-ல் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்த வேலூர் சிஎம்சியும் எட்டாத தொலைவில் இல்லை. ஆக, திறமைக்குப் பஞ்சமில்லை. ஊர் திரும்பிய பின் வரும் காய்ச்சலுக்கும் நடுக்கத்துக்கும் உடனே வழிகாட்டத்தான் ஆளில்லை.

1994-ம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமும் 2011-ம் ஆண்டுத் திருத்தமும் யார் உறுப்பு தரலாம், எங்கே சிகிச்சை செய்யலாம் என்பதில்தான் பெரிதும் கவனம் செலுத்துகின்றன. சிறுநீரக வணிகத்தைத் தடுக்க அது அவசியமே. தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு மாதம் ரூ. 10 ஆயிரம் வரை உதவ வழியுண்டு. ஆனால், அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளுக்கானது. அந்த மருந்துகள் திறந்துவிடும் கதவு வழியே நுழையும் வைரஸ்களை யார் எதிர்கொள்வது?

வைரஸ் பரிசோதனைகளையும் வால்கான்சிக்ளோவிர் போன்ற விலை உயர்ந்த மருந்துகளையும் இந்த உதவியில் சேர்க்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைகள்தோறும் தொடர் கண்காணிப்புப் பிரிவு வேண்டும். நிதிச்சுமை என்று அரசு தயங்கத் தேவையில்லை. சிறுநீரகம் பழுதானால் நோயாளி மீண்டும் டயாலிசிஸுக்கே திரும்புவார். ஏழைகளுக்கான அந்தச் செலவையும் அரசுதானே ஏற்கிறது? அந்தத் தேசியத் திட்டத்தை 2016 பட்ஜெட்டில் அறிவித்தவரும் ஜேட்லிதான்.

எத்தனை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன என்று கேட்கும் உறுப்பினர்கள், ஓராண்டுக்குப் பின் எத்தனை சிறுநீரகங்கள் இயங்குகின்றன என்றும் கேட்க வேண்டும். அவையில் ஓர் அமைச்சருக்குக் கிடைத்த பாதுகாப்பு, வெதுருகுப்பம் விவசாயிக்கும் கிடைக்க வேண்டும்.