பாலை அளக்குறீங்க, தீவனத்தை யார் அளப்பது?

தோழர்களே, உத்திரமேரூர் பக்கம் எந்த ஊர் பால் சொசைட்டிக்காவது விடியக்காலையில போய்ப் பாருங்க. கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். எவ்வளவுன்னு மெஷின்ல பார்க்குறாங்க. ஒரு பாயின்ட் குறைஞ்சா காசு குறையும். சாயங்காலமும் அதே கதைதான். நியாயம்தான், யாரும் குறை சொல்லல.

ஆனா எங்க அம்மா வாங்குற தீவன மூட்டையில 'புரதம் 20%'னு அச்சடிச்சிருக்கே, அதை யார் அளந்து பார்த்தாங்க?

சட்டத்தைத் தேடிப் படிச்சேன், தலை சுத்திருச்சு. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல 'உணவு'ங்கிற விளக்கத்துலயே கால்நடைத் தீவனம் சேராதுன்னு எழுதியிருக்கு. 1955 அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தோட பட்டியல்ல புண்ணாக்கு உட்பட மாட்டுத் தீவனம்தான் முதல் பொருளா இருந்துச்சு. 2006 திருத்தத்துல அதை எடுத்துட்டாங்க. தீவனப் பயிர் விதை மட்டும் மிச்சம். 2011-ல வந்த பொட்டலப் பொருள் விதிகள் இன்னும் வேடிக்கை: 25 கிலோவுக்கு மேல போனா பொருந்தாது, ஆனா சிமெண்ட், உரம்னா 50 கிலோ மூட்டைக்கும் பொருந்தும். நம்ம தீவன மூட்டை எத்தனை கிலோ? 50!

ஐ.எஸ். 2052ன்னு ஒரு தர அளவு இருக்கு. கடையில அந்த எண்ணைக் கேட்டா அண்ணாச்சி என்னையே ஒரு மாதிரி பார்க்குறார்.

ஏமாத்துறது எவ்வளவு சுலபம்னு கணக்குப் போடுங்க. லேப்ல பொதுவா புரதத்தை நேரடியா அளக்குறதில்ல. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல பெருக்குவாங்க. யூரியாவுல 46% நைட்ரஜன். அப்போ 100 கிலோ தீவனத்துல 1 கிலோ யூரியா கலந்தா, புண்ணாக்கே சேர்க்காம 'புரதம்' கிட்டத்தட்ட 3 புள்ளி ஏறிடும். 2008-ல சீனாவுல பாலில் மெலமைன் கலந்து குழந்தைகள் செத்தாங்களே, அதே நைட்ரஜன் தந்திரம்தான். யூரியா அளவு மீறினா மாடே செத்துப்போகும்.

விதைக்கு 1966 சட்டம் இருக்கு, இன்ஸ்பெக்டர் கடைக்கே வந்து மாதிரி எடுக்கலாம். உரத்துக்கு 1985 ஆணை இருக்கு. பஞ்சாப்ல தீவனத்துக்கு 1988-லயே ஆணை போட்டாங்க. தமிழ்நாட்டுல தீவனத்துக்குத் தனிச் சட்டம் வேணும்: உரிமம், திடீர் சோதனை, லேபிள் பொய்னா வழக்கு. பரிசோதனைக்கு நாமக்கல்ல கால்நடைப் பல்கலைக்கழக லேப் ஏற்கெனவே இருக்கு. கணக்கு காட்டாதவன் குடவோலைக்கே தகுதியில்லன்னு கல்லுல வெட்டின ஊர்க்காரங்க நாம, கேட்கக் கூச்சமே வேண்டாம்.

சட்டம் வர்ற வரைக்கும் பில் இல்லாம மூட்டை வாங்காதீங்க. காலி சாக்கையும் லேபிளோட எடுத்து வைங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. விதை வாங்குற விவசாயியும் நுகர்வோர்தான்னு உச்ச நீதிமன்றம் 2012-லயே சொல்லிடுச்சு.

உங்க வீட்டு மூட்டை லேபிளை போட்டோ எடுத்துக் கீழ போடுங்க தோழர்களே. மனுவோட இணைக்கணும்.

#தீவனத்துக்கும்_சட்டம்_வேண்டும்